அமெரிக்காவில் பொதுமக்கள் கையில் துப்பாக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு பள்ளியிலோ கடைவீதியிலோ துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாள், அங்கே மகனோ மகளோ பேரப்பிள்ளைகளோ வாழும் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரே கேள்விதான் எழுகிறது: இத்தனை நடந்தும் அந்த நாடு ஏன் துப்பாக்கியைத் தடை செய்யவில்லை? கேள்வி நியாயமானது. ஆனால் செய்தியில் நாம் பார்க்கும் சாவுகள் வேறு, ஆண்டு முழுவதும் செய்தியில் வராமல் நிகழும் சாவுகள் வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் அந்த நாட்டின் விவாதத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பதால், உறவினர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றுசேர்த்து விடை எழுதியிருக்கிறேன்.

அமெரிக்கர்களிடம் உண்மையில் எத்தனை துப்பாக்கிகள் இருக்கின்றன?

சுவிட்சர்லாந்திலிருந்து இயங்கும் 'ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே' என்ற ஆய்வமைப்பு, 2017ஆம் ஆண்டு நிலவரப்படி அமெரிக்கப் பொதுமக்களிடம் ஏறத்தாழ 39.3 கோடி துப்பாக்கிகள் இருப்பதாக மதிப்பிட்டது. அதாவது 100 பேருக்கு 120 துப்பாக்கிகள். ஆளைவிட ஆயுதம் அதிகம். ஆனால் இதை வைத்து எல்லா அமெரிக்கர்களும் துப்பாக்கி வைத்திருப்பதாக எண்ணிவிடக் கூடாது. பியூ ஆய்வு மையம் 2023இல் நடத்திய கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 32 சதவீதம் பேர்தான் தங்களிடம் துப்பாக்கி இருப்பதாகக் கூறினார்கள். பலர் ஒன்றுக்கு மேல் வைத்திருக்கிறார்கள். முன்பு வேட்டைக்காக வாங்கியவர்களே மிகுதி. இன்று வாங்குவோரில் பெரும்பான்மையினர் சொல்லும் முதற்காரணம் தற்காப்பு. கையாள எளிதான கைத்துப்பாக்கி, படுக்கையறை மேசை இழுப்பறைக்குள் வந்து சேர்ந்ததற்கு இந்த மாற்றமே காரணம்.

துப்பாக்கி வைத்திருப்பது அங்கே அடிப்படை உரிமை என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

1791இல் அமெரிக்க அரசமைப்பில் சேர்க்கப்பட்ட இரண்டாம் சட்டத்திருத்தத்திலிருந்து வந்தது. ஒழுங்குபடுத்தப்பட்ட குடிமக்கள் படை ஒரு சுதந்திர மாநிலத்தின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்பதால், ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது என்பது அதன் சாரம். இந்த ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. முதற்பாதியை அழுத்திப் படித்தால் அது படை சார்ந்த உரிமை. பிற்பாதியை அழுத்திப் படித்தால் அது தனிமனித உரிமை. 200 ஆண்டுகளுக்கும் மேலாக உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகத் தீர்த்துவைக்கவில்லை.

தலைநகர் வாஷிங்டனில் 1976 முதல் நடைமுறையில் இருந்த கைத்துப்பாக்கித் தடையை எதிர்த்துத் தொடரப்பட்ட ஹெல்லர் வழக்கில்தான், 2008இல், வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, இந்த உரிமை எல்லையற்றது அல்ல என்பதையும் அதிலேயே எழுதினார். கடுங்குற்றவாளிகளுக்கும் மனநலக் குறைபாடு உள்ளவர்களுக்கும் உள்ள தடை, பள்ளிகளிலும் அரசுக் கட்டடங்களிலும் உள்ள தடை, விற்பனைக்கான நிபந்தனைகள் ஆகியவற்றை இத்தீர்ப்பு ஐயத்துக்கு உள்ளாக்கவில்லை என்றார். தொலைக்காட்சி வாதங்களில் இந்தப் பகுதியை இரு தரப்பினருமே வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

2010இல் அந்த உரிமை மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்று முடிவானது. 2022 ஜூனில் வந்த புரூயன் வழக்குத் தீர்ப்பு இன்னும் தொலைவுக்குச் சென்றது. பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்லத் தனிப்பட்ட தகுந்த காரணம் காட்ட வேண்டும் என்ற, நூறாண்டுக்கும் மேற்பட்ட நியூயார்க் சட்டத்தை அது செல்லாததாக்கியதோடு, இனி எந்தக் கட்டுப்பாடும் நாட்டின் பழைய சட்ட மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்ற புதிய அளவுகோலையும் விதித்தது. 18ஆம் நூற்றாண்டில் இதுபோன்ற சட்டம் இருந்ததா என்று தேடும் வேலை நீதிபதிகள் தலையில் விழுந்தது. இரண்டே ஆண்டுகளில், ரஹிமி வழக்கில், குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணைக்கு உள்ளானவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கிவைக்கலாம் என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றமே அந்த அளவுகோலைச் சற்றுத் தளர்த்திப் பொருள்கொள்ள வேண்டியதாயிற்று.

இந்தியச் சட்டத்திலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

அடிப்படையிலேயே வேறு. இந்திய அரசமைப்பின் 19ஆம் உறுப்பு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையே தருகிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, காரணம் காட்டி, காவல்துறை விசாரணைக்குப் பிறகு உரிமம் வாங்கினால்தான் துப்பாக்கி வைத்திருக்கலாம். ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்தது 2019இல் இரண்டாகக் குறைக்கப்பட்டது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதை நாம் வழக்கமான செய்தியாகப் படித்துக் கடந்துவிடுகிறோம். அமெரிக்காவில் அப்படி ஓர் உத்தரவைக் கற்பனைகூடச் செய்ய முடியாது.

ஆண்டுக்கு எத்தனை பேர் துப்பாக்கியால் இறக்கிறார்கள்? பெரும்பாலும் பள்ளிகளிலும் பொது இடங்களிலும்தானா?

இல்லை. இந்தப் பக்கத்தில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் விடை இதுதான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 20,958 பேர் கொலை செய்யப்பட்டவர்கள். 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். அதே ஆண்டில், பொது இடங்களில் ஆட்களைத் தேடிச் சுட்டுக்கொல்லும் நிகழ்வுகளில் இறந்தவர்கள் என்று நடுவண் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. கணக்கிட்ட எண்ணிக்கை 103. ஓர் உயிரானாலும் உயிர்தான். பள்ளியில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் துயரத்தை எண்ணிக்கையால் சிறிதாக்க நான் எழுதவில்லை. ஆனால் நாள்தோறும் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் தங்கள் வீட்டிலேயே, துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்டு, எந்தக் கேமராவும் வராமல் இறக்கிறார்கள். 2023இல் மொத்த இறப்பு 46,728 ஆகக் குறைந்தபோதும், தற்கொலைகள் 27,300ஐ எட்டின.

இந்தத் துயரம் எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. கொலைகளில் பெரும்பங்கு கறுப்பின இளைஞர்களைத் தின்கிறது. தற்கொலைகளில் பெரும்பங்கு வெள்ளையின ஆண்களை, குறிப்பாக வயதானவர்களையும் கிராமப்புறத்தவரையும் கொண்டுபோகிறது. 2020 முதல், 1 வயதிலிருந்து 19 வயது வரையிலானோரின் இறப்புக்கு முதற்காரணமாகத் துப்பாக்கி, சாலை விபத்துகளை முந்திவிட்டது.

சாக முடிவெடுத்தவர் துப்பாக்கி இல்லாவிட்டால் வேறு வழியைத் தேட மாட்டாரா?

பலரும் மனப்பூர்வமாக நம்புவது இது. ஆனால் சான்றுகள் இதற்கு நேர்மாறாக இருக்கின்றன. ஏறத்தாழ உயிர்போகும் நிலைக்குச் சென்று பிழைத்த இளைஞர்களிடம் ஹூஸ்டனில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், முடிவெடுத்ததற்கும் செயலில் இறங்கியதற்கும் இடையே ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்று நான்கில் ஒருவர் கூறினார். ஒருமுறை முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை. ஆகவே அந்தச் சில நிமிடங்களில் கைக்கு எட்டும் தொலைவில் என்ன இருக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் இறந்துவிடுகிறார்கள். மனம் மாறவோ, யாராவது கதவைத் தட்டவோ அது இடம் கொடுப்பதில்லை.

இதை நமக்கு மிக அருகில் நடந்த ஒன்றைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். இலங்கையில் 1995ஆம் ஆண்டளவில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அக்காலத்தில் உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அதுவும் ஒன்று. பூச்சிக்கொல்லியே முதன்மையான காரணமாக இருந்தது. அரசு மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளின் இறக்குமதியைப் படிப்படியாகத் தடை செய்தது. பத்தே ஆண்டுகளில் அந்த விகிதம் 24 ஆக, ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மனிதர்களின் துயரம் பாதியாகிவிடவில்லை. துயரம் வந்த நேரத்தில் கைக்கு எட்டிய பொருளின் கொடுமை குறைந்தது. இஸ்ரேல் இராணுவமும், வார இறுதியில் வீட்டுக்குச் செல்லும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்று 2006இல் விதியை மாற்றியபோது, வீரர்களின் தற்கொலை விகிதம் 40 சதவீதம் குறைந்தது.

இதைப் படிப்பவர் யாரேனும் அப்படியொரு நெருக்கடியில் இருந்தால், அமெரிக்காவில் 988, இந்தியாவில் 14416 என்ற எண்களில் எந்த நேரமும் பேசலாம்.

அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் கடைக்குப் போய்த் துப்பாக்கி வாங்கிவிட முடியுமா?

முடியாது, ஆனால் தடுப்பில் ஓட்டைகள் உண்டு. அதிபர் ரீகனைக் கொல்ல 1981இல் நடந்த முயற்சியில் தலையில் குண்டடி பட்ட அவரது செய்திச் செயலர் ஜேம்ஸ் பிராடியின் பெயரால் 1993இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, உரிமம் பெற்ற கடைக்காரர், வாங்க வருபவர் கடுங்குற்றத் தண்டனை பெற்றவரா, குடும்ப வன்முறைக்காகத் தண்டிக்கப்பட்டவரா, நீதிமன்றம் மனநலக் காரணத்தால் விலக்கிவைத்தவரா என்பதை எஃப்.பி.ஐ.யின் தரவுத்தொகுப்பில் சரிபார்க்க வேண்டும். கைத்துப்பாக்கியைக் கடையில் வாங்க 21 வயதும், நீண்ட துப்பாக்கி வாங்க 18 வயதும் ஆகியிருக்க வேண்டும்.

அந்தத் தொகுப்பில் தகவல் இருந்தால்தான் அந்தச் சோதனைக்குப் பொருள். 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்ற மாணவரை, தனக்கே ஆபத்து விளைவிக்கக்கூடியவர் என்று அதற்கு ஓராண்டுக்கு மேல் முன்பே ஒரு நீதிமன்றம் அறிவித்து, சிகிச்சைக்கு உத்தரவிட்டிருந்தது. அந்த உத்தரவு தரவுத்தொகுப்புக்குப் போய்ச் சேரவில்லை. ஆகவே அவர் இரண்டு கைத்துப்பாக்கிகளையும் முறையான சோதனையைக் கடந்தே வாங்கினார். அன்று வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டவர்களில் ஒருவர், கோபிச்செட்டிபாளையம் வட்டாரத்தில் பிறந்து, நீரியல் துறையில் பெயர்பெற்ற பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போகாத ஒரு தாளின் விலை என்ன என்பதைக் கொங்கு மண்ணின் ஒரு குடும்பமும் அறியும்.

இன்னொன்று: மூன்று வேலை நாட்களுக்குள் எஃப்.பி.ஐ. முடிவு சொல்லாவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம். 2015இல் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவரின் கைக்குத் துப்பாக்கி வந்தது இப்படித்தான். மேலும், உரிமம் இல்லாத தனிநபர் தன் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்கும்போது இந்தச் சோதனை வேண்டும் என்று நாடு தழுவிய சட்டம் சொல்லவில்லை. சில மாநிலங்கள் மட்டுமே அதைக் கட்டாயமாக்கியுள்ளன.

ஏ.ஆர்.-15 போன்ற துப்பாக்கிகளைத் தடை செய்தால் போதாதா?

ஏ.ஆர்.-15 என்பது இராணுவத் துப்பாக்கியை ஒத்த ஒரு வகை ரைஃபிள். 1994 முதல் 2004 வரை அப்படி ஒரு தடை இருந்தது. ஆனால் பிடியின் வடிவம், தோளில் ஊன்றும் கட்டை மடங்குகிறதா என்பது போன்ற வெளித்தோற்றக் கூறுகளைக் கொண்டு அந்தச் சட்டம் வரையறுத்ததால், சிறு மாற்றத்தோடு அதே துப்பாக்கியை விற்க முடிந்தது. ஏற்கெனவே மக்கள் கையில் இருந்தவற்றை அது தொடவும் இல்லை. 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசின்கள் மீதான தடையே அதில் பொருளுள்ள பகுதி என்பது என் கருத்து. 2017இல் லாஸ் வேகஸில் ஒருவர் பத்தே நிமிடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்களைச் சுட்டு அன்றிரவே 58 பேரைக் கொன்றதை நினைத்தால், நிறுத்தாமல் சுடும் திறனைக் குறைப்பது எத்தனை உயிர்களைக் காக்கும் என்பது விளங்கும். ஆயினும் 2020ஆம் ஆண்டின் எஃப்.பி.ஐ. கணக்கில், துப்பாக்கிக் கொலைகளில் எல்லா வகை ரைஃபிள்களும் சேர்ந்து ஏறத்தாழ 3 சதவீதம்; கைத்துப்பாக்கி 59 சதவீதம். தற்கொலைகளையும் சேர்த்துப் பார்த்தால், விவாதம் முழுவதும் ரைஃபிளைச் சுற்றியே நடப்பது பெரும்பாலான சாவுகளை இருட்டில் விட்டுவிடுகிறது.

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சொல்வதில் நியாயமே இல்லையா?

நிச்சயமாக உண்டு, அதைக் கேட்காமல் இந்த விவாதத்தில் இறங்குவது தவறு. காவல் வாகனம் வந்துசேர அரைமணி நேரத்துக்கு மேலாகும் மலைப்புறங்களிலும் பண்ணை வீடுகளிலும் வாழ்பவர்கள், தற்காப்பு தங்கள் பொறுப்பே என்று கருதுவதை நகரத்தில் இருந்துகொண்டு குறை சொல்ல முடியாது. 2005இல் தீர்ப்பான காசில் ராக் வழக்கின் பின்னணி இது: தடையாணையை மீறிக் கணவர் கடத்திச் சென்ற மூன்று பெண் குழந்தைகளைக் காப்பாற்றும்படி ஒரு தாய் காவல்துறையிடம் பலமுறை மன்றாடியும் பலனில்லாமல் குழந்தைகள் கொல்லப்பட்டனர். அந்தத் தாய்க்குக் காவல் பாதுகாப்பை அரசமைப்புரிமையாகக் கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அரசு காப்பாற்றும் என்ற உறுதி இல்லாதபோது ஆயுதத்தையும் கேட்காதே என்கிறீர்களா என்ற கேள்வி, விடை சொல்லியாக வேண்டிய கேள்வி.

கட்டுப்பாடுகளின் வரலாறும் தூய்மையானதன்று. உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்ற கறுப்பின மக்களிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கவே தென்மாநிலங்கள் சட்டம் போட்டன. 1967இல் கலிஃபோர்னியாவில், பொது இடத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி ஏந்துவதைத் தடை செய்யும் சட்டத்தில் அன்றைய ஆளுநர் ரீகன் கையெழுத்திட்டது, கறுப்பின உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் அமைப்பினர் ஆயுதத்தோடு தெருவில் காவலர்களைக் கண்காணித்ததை ஒட்டித்தான்.

ஆனால் துப்பாக்கியால் தற்காத்துக்கொண்டவர்களின் எண்ணிக்கை பற்றிச் சொல்லப்படுவதை எச்சரிக்கையோடு அணுக வேண்டும். 1990களில் தொலைபேசி வழி நடந்த ஒரு கணக்கெடுப்பு ஆண்டுக்கு 25 லட்சம் முறை என்றது. அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்போ ஒரு லட்சத்தை ஒட்டியே காட்டுகிறது. அரிய நிகழ்வொன்றைச் சில ஆயிரம் பேரிடம் கேட்டு நாடு முழுவதற்கும் பெருக்கும்போது, தவறாகச் சொன்ன ஒரு சிலரே எண்ணைப் பன்மடங்காக்கிவிடுவார்கள் என்பதால், 25 லட்சம் என்பதை நான் ஏற்கவில்லை. தற்காப்புக்குத் துப்பாக்கி பயன்பட்டதே இல்லை என்று சொல்வதையும் ஏற்கவில்லை.

ஆஸ்திரேலியா செய்ததை அமெரிக்கா ஏன் செய்யவில்லை?

போர்ட் ஆர்தரில் 1996 ஏப்ரலில் 35 பேர் கொல்லப்பட்ட சில மாதங்களில், பழமைவாதக் கூட்டணியின் பிரதமரான ஜான் ஹோவர்டு மாநிலங்களை ஒன்றுபடுத்திப் புதிய சட்டங்களைக் கொண்டுவந்தார், ஏறத்தாழ 6.5 லட்சம் துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்து வாங்கி அழித்தது. அங்கே அரசமைப்பு உரிமை குறுக்கே நிற்கவில்லை. துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் அமெரிக்காவோடு ஒப்பிடக்கூடியதன்று. அமெரிக்காவில் எந்தத் துப்பாக்கி யாரிடம் இருக்கிறது என்ற பதிவேட்டை நடுவண் அரசு உருவாக்குவதையே 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எங்கே இருக்கிறது என்று தெரியாததைத் திரும்ப வாங்குவது எப்படி?

அரசியல் கணக்கும் உண்டு. சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் பெரியவர்கள் ஆறு பேரும் கொல்லப்பட்ட நான்கு மாதங்களில், 2013 ஏப்ரலில், தனிநபர் விற்பனை பலவற்றுக்கும் சோதனையை விரிவாக்கும் திருத்தம் 100 பேர் கொண்ட செனட்டில் 54 வாக்குகள் பெற்றும் தோற்றது; அந்த அவையின் நடைமுறைப்படி தேவை 60. பெரும்பான்மை மக்கள் விரும்புவது வேறு, ஒரு சட்டம் நிறைவேறுவது வேறு. ஆய்வும் முடக்கப்பட்டிருந்தது: 1996இல் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நிதியில் வைக்கப்பட்ட நிபந்தனையால், துப்பாக்கி பற்றிய ஆராய்ச்சிக்கு அரசு நிதி 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஏறக்குறைய நின்றேபோனது.

அப்படியானால் எதுவுமே பலன் தரவில்லையா?

தந்திருக்கிறது. பலன் தந்தவை பெரும்பாலும் துப்பாக்கியைப் பறிக்கும் சட்டங்கள் அல்ல. துப்பாக்கிக்கும் நெருக்கடிக்கும் இடையே சற்று நேரத்தையோ ஒரு பூட்டையோ வைக்கும் சட்டங்கள். வாங்குவதற்கும் கையில் பெறுவதற்கும் இடையே சில நாட்கள் காத்திருக்கச் சொல்லும் மாநிலங்களில் துப்பாக்கிக் கொலைகள் ஏறத்தாழ 17 சதவீதம் குறைந்ததாக 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆபத்தான மனநிலையில் இருப்பவரின் துப்பாக்கியை நீதிமன்ற ஆணையின் பேரில் தற்காலிகமாக விலக்கிவைக்கும் ரெட் ஃப்ளாக் சட்டத்தைக் கனெக்டிகட் 1999இல் முதன்முதலாக இயற்றியது. அங்கே ஒவ்வொரு 10 முதல் 20 ஆணைகளுக்கும் ஒரு தற்கொலை தடுக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். யுவால்டே பள்ளிப் படுகொலைக்குப் பின் 2022 ஜூனில் இரு கட்சியினரும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டம், 21 வயதுக்கு உட்பட்டோருக்குக் கூடுதல் சோதனையையும், இத்தகைய மாநிலச் சட்டங்களுக்கு நிதியையும் தந்தது. சிறியதுதான், ஆனால் ஏறத்தாழ 30 ஆண்டுகளில் வந்த முதல் பெரிய நடுவண் சட்டம் அது.

எச்-1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்கலாமா?

பொதுவாகக் கூடாது. எச்-1பி போன்ற, குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது நாடு தழுவிய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. விதிவிலக்கு இல்லாதவர் நண்பர்களோடு பயிற்சிக் களத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியால் சுட்டுப் பார்ப்பதும் இதில் அடங்கக்கூடும். புகைப்படம் எடுத்துப் பகிர்ந்துகொள்ளும் இளைஞர்கள் இதை அறிந்திருப்பதில்லை. கிரீன் கார்டு பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை. ஐயம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

பிள்ளை விளையாடப் போகும் நண்பர் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்கலாமா? அவர்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

கேட்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களே இதைக் கேட்கும்படி பெற்றோர்களுக்கு அறிவுறுத்துகிறார்கள். பள்ளிகளில் சுட்டவர்களைப் பற்றி, அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் 'சீக்ரெட் சர்வீஸ்' அமைப்பு நடத்திய ஆய்வில், துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களில் நான்கில் மூன்று பேருக்கு அது பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தே கிடைத்திருந்தது. 2021இல் மிச்சிகனில் நான்கு மாணவர்களைக் கொன்ற 15 வயதுச் சிறுவனின் தாய்க்கும் தந்தைக்கும், 2024இல், குறைந்தது 10 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது; துப்பாக்கியை அவன் கைக்கு எட்டாமல் பூட்டிவைக்காததும் அவர்கள் மீதான குற்றச்சாட்டின் பகுதி.

விருந்தோம்புபவரிடம் இப்படிக் கேட்பது நம் வழக்கத்தில் இல்லாததால் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கும் முதல் தடவை நாக்கு எழவில்லை. பிள்ளைக்கு நிலக்கடலை ஒவ்வாது, நாய் என்றால் பயம் என்று சொல்லும் அதே பேச்சோடு சேர்த்து, "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டித்தானே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். துப்பாக்கி வைத்திருக்கும் பொறுப்பான பெற்றோர் இதில் கோபப்படுவதில்லை. எங்கே வைத்திருக்கிறோம், சாவி யாரிடம் இருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய விடை மூன்று பகுதி கொண்டது: துப்பாக்கியில் தோட்டா இல்லை, துப்பாக்கி பூட்டியிருக்கிறது, தோட்டா வேறோர் இடத்தில் தனியாகப் பூட்டியிருக்கிறது. விடை தெளிவாக இல்லையென்றால், அந்தப் பிள்ளையை உங்கள் வீட்டுக்கு விளையாட அழையுங்கள்.